மேல்தட்டுக்குப் போன தோழர்

ஒரு குதிகால் தோலின் அடித்தட்டில் செல் ஒன்று, அடிச்சவ்வை இறுகப் பிடித்தபடி உழைத்துக்கொண்டிருந்தது. மேல்தட்டுக்கு ஏறிவிட்ட அதன் பழைய கூட்டாளி அங்கிருந்து கூப்பிட்டது.

“தோழர், பிடியை விட்டுட்டு மேலே வாங்க! இங்கே ஊசி குத்தினாலும் வலிக்காது.”

“ரத்தத்திலிருந்து சாப்பாடு வருதா?”

“அதெல்லாம் கீழே இருக்கிறவங்களுக்கு.”

“உங்க உட்கரு?”

“ஏறும் வழியிலேயே போயிடுச்சு. இங்கே யாருக்குமே கிடையாது.”

“அப்போ உயிர்?”

“பதவி வந்த பிறகு அது எதுக்குங்க?”

அந்நேரம் குளியலறைக் கல் குதிகாலை அழுத்தித் தேய்த்தது. கூட்டாளி சோப்பு நுரையோடு சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

அடித்தட்டுச் செல் பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டது. பக்கத்துச் செல் மெல்ல நெருங்கிக் கேட்டது:

“மேலே ஒரு இடம் காலியாமே. நீங்க போகலைன்னா, நான் போகட்டுமா?”