மூணடி வாசல்

நங்கென்று இடித்துக்கொண்டார் குகன். நெற்றி புடைத்துவிட்டது.

"எந்தப் புண்ணியவான் கட்டினான் இதை? வாசல் மூணடி. மணி தொடைக்கு நேரா தொங்குது. சாமி கும்பிட வர்றவன் மனுசனா, கோழியா?"

மலேசியாவில் லூபோக் சீனா ஊர்ச் சாலையோரம், செம்பனைத் தோட்டத்து முனையில் இருக்கும் முனியாண்டி கோயில் அது. மொத்தமே ஒரு கார் நிற்கும் இடம்தான். திருப்பணி காண்ட்ராக்ட் குகனுக்கு. நாளைக்கு இடித்துவிட்டு, ஆறடி வாசல் வைத்துப் புதுசாய்க் கட்ட வேண்டும். கோயில் நிர்வாகமும் சரி சொல்லிவிட்டது.

முரண்டு பிடித்தது ஒரே ஒரு ஆள். ராகினி. பேக்டரி வேலை முடிந்து தினமும் வந்து விளக்கேற்றுகிறவள்.

"டைல்ஸ் போடுங்க, பெயிண்ட் அடிங்க. உயரத்தை மட்டும் தொடாதீங்கண்ணே."

"ஏம்மா, ஊரே மண்டையை இடிச்சிக்கணுமா? பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இருக்கு லா!"

"உள்ள போய் ஒரு நிமிசம் கீழ உக்காந்து பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார் குகன்.

அம்மாடி!

மணி கைக்கு நேராய் வந்து நின்றது. விளக்கு மாடம், விபூதித் தட்டு எல்லாம் எட்டும் தூரத்தில். படி என்று ஒன்றுகூட இல்லை. சாலையிலிருந்து தரை வழவழவென்று சரிவாகவே உள்ளே வந்தது. நிமிர்ந்து பார்த்தார். நின்றபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்த முனியாண்டி, இப்போது அவர் கண்ணையே நேருக்கு நேர் பார்த்தார்.

குகனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முப்பது வருசத்தில் எத்தனை கோயில் கட்டியிருப்பார்! இப்படி ஒரு அளவை எங்கேயும் கண்டதில்லை.

கும்பிட்ட கையோடு போனை எடுத்தார். "டேய், நாளைக்கு யாரும் இடிக்க வர வேணாம். நிர்வாகத்துக்கிட்ட நான் பேசிக்கிறேன்."

ராகினிக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாரு அளவும்மா இது?"

"முனுசாமின்னு ஒருத்தருண்ணே. இது ரப்பர் தோட்டமா இருந்தப்போ பால்மரம் வெட்டினவரு. இந்த ரோட்டுலதான் லோரி ஏறி ரெண்டு காலும் போயிருச்சு. கையை ஊணித் தவழ்ந்தே வருவாராம்."

"கால் இல்லாம ஒத்த ஆளா இதைக் கட்டியிருக்காரே, என்ன மனுசன்யா!"

"அவரு எங்கண்ணே கட்டினாரு? கட்டினது தோட்டத்து ஆளுங்க, நாப்பது பேரு. அத்தனை பேருக்கும் கால் நல்லாத்தான் இருந்துச்சு. 'நாம குனிஞ்சுக்கலாம், அவரால நிமிர முடியாதே'ன்னாங்களாம்."