தெளிவாத்தான் இருக்கு

சமையலறை மேசையில் மச்சினி இரண்டு பெட்டிகளை அருகருகே வைக்கிறாள். ஒன்றில் அவளுடைய புது ஊசிப்பேனா, மருந்து நிரப்பியே வருவது. மற்றதில் அவள் அக்காவுக்கு, என் மனைவிக்கு, போட்டதில் மிஞ்சிய தூள்மருந்துக் குப்பிகள். ஃபிரிட்ஜ் கதவிலேயே கிடந்தவை. குழந்தைப்பேறு சிகிச்சையில் கருமுட்டைகளை வளர்க்கத்தான் இரண்டும். அந்த ஊசிகளுக்குப் பிறகு வயிறு வீங்கி, நுரையீரலில் ரத்தம் உறைந்து என் மனைவி இறந்தாள். “ரெண்டும் ஒரே வேலையத்தான் செய்யுமாம் அத்தான். அக்காவோடது யார் யாரோ மூத்திரத்துல இருந்து எடுத்ததாம், என்னோடது லேப்ல செஞ்சதாம். நான் மகாராணி!” நான் சிரிக்காததால் அவள் சிரிப்பும் நின்றுபோகிறது. விளக்கத் தாள்களை விரிக்கிறேன். ரத்தம் உறையலாம் என்று இரண்டிலும் அதே எச்சரிக்கை, ‘அரிதாக’ என்ற அதே சொல். புதியதில் எழுத்து இன்னும் சிறியது. ஏன் சிறியது? “எங்க வீட்டுக்காரர் ஊசியப் பாத்தாலே மயங்கிடுவாரு. நீங்களே பாத்துச் சொல்லுங்க. போட்டுக்கட்டுமா?” வயிற்றில் குத்திக்கொள்ளத் தயாராகச் சட்டை விளிம்பைச் சுருட்டிப் பிடித்திருக்கிறாள். பேனாவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்புகிறேன். தூசி இல்லை, கலங்கல் இல்லை. “தெளிவாத்தான் இருக்கு” என்கிறேன். தூளைக் கரைத்து நீட்டும்போதெல்லாம் அவள் அக்காவிடமும் இதையேதான் சொன்னேன்.