குறைந்துபோன ஓட்டு

டி.வி.யில் அந்தப் பெண் சிரித்ததும் லைலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாரு, என் இடத்துல நின்னுக்கிட்டு எப்படிச் சிரிக்கிறா பாரு" என்றார்.

கோரின் மேசையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். "டி.வி.யை அணைச்சிட்டுச் சாப்பிட வா. உன் அண்ணன் வண்டி வந்தாச்சு" என்றாள் கணவனிடம்.

லைல் அணைக்கவில்லை. திரையில் இரண்டு கொரியாக்களின் தலைவர்களுக்கு நடுவே நின்றிருந்தார் நடீன் ஹாலோவே, அமெரிக்காவின் அதிபர். அறுபது வருடங்களுக்கு மேல் முடிவில்லாமல் இழுத்துக்கொண்டிருந்த போர் அன்றைக்குக் கையெழுத்தோடு முடிந்திருந்தது. சோல் நகரத் தெருக்களில் ஜனங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"இது என் யோசனை. பிரச்சாரத்துல நான்தான் முதல்ல சொன்னேன். அப்ப இவ என்னப் பாத்துக் கனவு காண்றேன்னு கேலி பண்ணினா. இப்ப பேர் யாருக்கு?"

2016 தேர்தலில் ஹாலோவேயை எதிர்த்து நின்றவர் லைல். வெர்மான்ட் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். நாடெங்கும் எண்ணி முடித்தபோது இருவரும் ஏறக்குறைய சமமாக நிற்க, முடிவு லைலின் சொந்த மாநிலமான அந்தக் குட்டி வெர்மான்ட்டில் வந்து மாட்டிக்கொண்டது. அங்கே ஜெயிப்பவருக்கே நாடு என்று ஆனது. மூன்று முறை எண்ணினார்கள். மூன்று முறையும் ஹாலோவேக்கு ஒரே ஒரு ஓட்டு அதிகம்.

செய்தி வந்த அன்று வீட்டில் கூடியிருந்த கட்சிக்காரர்கள் வாய்விட்டு அழுதார்கள். கோரின் மட்டும் லைலின் கோட்டைக் கழற்றி வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "சூப் ஆறிடும், வந்து உக்காரு" என்றாள்.

அதன் பிறகு லைலுக்கு ஒரே நினைப்புதான். சொந்த ஊரில் ஒருத்தர் மாற்றிப் போட்டிருந்தால் வெள்ளை மாளிகை அவருடையது. அந்த ஒருத்தர் யார்? முடிவெட்டுகிறவரைச் சந்தேகப்பட்டார். பாதிரியாரைச் சந்தேகப்பட்டார். கடைசியில் சந்தேகம் ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

அண்ணன் எம்மெட் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். முழங்கால் வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பவர். தன் பண்ணையில் காய்ச்சிய மேப்பிள் மரப் பாகு டின் ஒன்றைக் கோரினிடம் கொடுத்துவிட்டு மேசையில் உட்கார்ந்தார்.

பன்றிக்கறி போட்டு அவித்த பீன்ஸும் ரொட்டியும் கைமாறின. எம்மெட் டி.வி.யைப் பார்த்தார். "நல்ல காரியம்தான் பண்ணியிருக்கா, இல்லடா?"

லைல் கரண்டியைக் கீழே வைத்தார். "உனக்குச் சந்தோஷமா இருக்குமே, அண்ணே."

"போர் நின்னா யாருக்குத்தான் சந்தோஷமில்ல?"

"நான் அதச் சொல்லல. நீ போட்ட ஓட்டு வீண் போகலையே."

எம்மெட் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். "என்ன சொல்ற?"

"சின்ன வயசுலேருந்தே உனக்கு என் மேல வயித்தெரிச்சல். நான் ஜெயிச்சா உன்னால தாங்கியிருக்க முடியாது. அதான் அவளுக்குப் போட்டுட்ட."

"லைல், போதும்" என்றாள் கோரின்.

"நீ இரு. பதில் சொல்லு, அண்ணே."

எம்மெட் தட்டைத் தள்ளி வைத்தார். "அப்பா உன்னக் காலேஜுக்கு அனுப்புனாரு, என்ன மாட்டுக்கொட்டாய்க்கு அனுப்புனாரு. வயித்தெரிச்சல் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. உன் போட்டோவப் பேப்பர்ல பாக்குறப்பல்லாம் இருந்துச்சு. ஆனா அன்னிக்கு இந்தக் காலோட வரிசையில நின்னு உனக்குத்தான்டா போட்டேன்."

"நம்ப மாட்டேன்."

"அப்ப நம்பாத." எம்மெட் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். "இனிமே நீயா கூப்பிடுற வரைக்கும் இந்த வாசப்படி ஏற மாட்டேன். சாப்பாடு நல்லா இருந்துச்சு, கோரின்."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே, வண்டிக் கண்ணாடியில் படிந்த பனியை எம்மெட் சுரண்டும் சத்தம் கேட்டது. லைல் மறுபடி டி.வி. பக்கம் திரும்பினார். ஹாலோவே அங்கே பூங்கொத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"போய் அவரக் கூப்பிடு" என்றாள் கோரின்.

"எதுக்கு? என் முகத்துக்கு நேராவே பொய் சொல்லிட்டுப் போறாரு."

"அவர் பொய் சொல்லல."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

கோரின் டி.வி.யை அணைத்தாள். அவருக்கு எதிரே, எம்மெட் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் வருத்தமோ பயமோ இல்லை.

"ஆளுநரா இருந்த காலம் பூரா உன்ன இந்த மாநிலத்தோட பங்கு போட்டுக்கிட்டேன். ரெண்டாவது பிள்ளை பொறந்தப்பகூட நீ யாரோட கூட்டத்துலயோ கை தட்டிக்கிட்டு இருந்த. மேடையில உன்னச் சுத்தி நிக்கிறவங்களப் பாக்குறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். வெளிய காட்டிக்கிட்டது இல்ல."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"மாநிலத்தோடன்னா பரவாயில்ல. நாடு முழுசோடயும் பங்கு போட எனக்கு மனசு வரல."

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"ஓடிப் போய் அண்ணன நிறுத்து, லைல். அந்த ஓட்டு என்னோடது."