கம்பத்து உச்சிக் கைக்குட்டை

கம்பத்தின் உச்சியில் கைக்குட்டை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

மெர்லான் விடிந்ததிலிருந்து தன் விமானத்தின் இருக்கையிலேயே குந்தியிருந்தார். அவரே வடிவமைத்து, அவர் பட்டறையிலேயே கட்டியது. எட்டு மணிக்குள் பத்து நிமிடம் பறந்து காட்டினால் பிரெஞ்சு ராணுவம் அதே மாதிரி இருபது விமானம் வாங்கும். இன்று கடைசி நாள்.

கைக்குட்டை ஆடினால் யாரும் மேலே போகக் கூடாது. மூர்மெலோன் விமானத் திடலில் அந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர்தான். ஏப்ரலில் மனைவியின் தம்பி லூசியான் விமானத்தோடு காற்றில் புரண்டு விழுந்து செத்தானே, அதற்கு மறுநாள்.

"முதலாளி, இது காத்து இல்ல, மாமியார். வந்தா லேசுல கெளம்பாது" என்றான் மெக்கானிக் ஃபிர்மான்.

கர்னல் வோத்ரே கடிகாரத்தைத் திறந்தார், மூடினார். "விமானம் வாங்க வந்திருக்கோம் மெர்லான், கைக்குட்டை வாங்க இல்ல. பக்கத்து விமானக் கொட்டகைக்காரர் புயல்லகூட பறக்குறேங்கிறார்."

மெர்லான் உச்சியை முறைத்தார். மூன்று நாள் காற்றில் பழைய பருத்தித் துணி கந்தலாகிவிட, இன்று காலை மனைவி கிளெமான்ஸ் வேறொன்றை ஏற்றியிருந்தாள். அதுவாவது ஆடாமல் நிற்கிறதா பார்.

எட்டு அடித்தது.

கர்னல் நடந்துபோய்ப் பக்கத்துக் கொட்டகை வாசலில் நின்று சுருட்டைப் பற்றவைத்தார். புகை நூல் பிடித்தாற்போல் நேராக மேலே போயிற்று.

மெர்லான் அந்தப் புகையையே பார்த்தார். பிறகு இறங்கிப் போய்க் கம்பத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

கைக்கு வந்தது பட்டு. கல்யாணத்துக்கு முன் லியோன் நகரக் கடையில் கிளெமான்ஸுக்கென்று அவரே வாங்கியது. "மூச்சு விட்டாலே ஆடும் ஐயா" என்று கடைக்காரர் ஊதிக் காட்டினார். ஓரிடத்தில் நிற்காத சரக்குக்கு இவ்வளவு விலையா என்று கேட்டுப் பாதியாகக் குறைத்தது நினைவிருந்தது.

கிளெமான்ஸ் காபியோடு வந்து நின்றாள். ஏப்ரலிலிருந்து அதே கறுப்பு உடை.

"காத்து நின்னுச்சாங்க?"

மெர்லான் கர்னல் நின்ற கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

"இன்னும் இல்ல" என்றார், கப்பி கிறீச்சிடப் பட்டுக் கைக்குட்டையை மறுபடி உச்சிக்கு இழுத்தபடி.