சீதாலெட்சுமி வைத்த பரீட்சை

"ஐயோ, என் கால் போச்சே" என்று ஆற்றோரப் பாறையில் உட்கார்ந்துவிட்டாள் சீதாலெட்சுமி. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பையன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முன்னால் போய்க்கொண்டிருந்த குகன் திரும்பி ஓடி வந்தான். "சுளுக்கா ஆன்டி? மெதுவா நீட்டுங்க" என்று மண்டியிட்டு, பையிலிருந்து தைலத்தை எடுத்துக் கணுக்காலில் தேய்த்துவிட்டான். வலிக்காத காலை வைத்துக்கொண்டு அவளும் நன்றாகவே முனகினாள்.

விஷயம் இதுதான். மலேசியாவில் கிள்ளான் ஊர்ச் சீதாலெட்சுமிக்கு வாணி ஒரே மகள். அவளுக்குத் தரகர் இராஜம்மா கொண்டு வந்த வரன்தான் இந்தக் குகன். பெட்டாலிங் ஜெயாவில் இன்ஜினியர். போனில் பேசிப் பார்த்ததில் பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துப்போய்விட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு நானும் மகளோடுதான் இருப்பேன் என்று சீதாலெட்சுமி ஒரு கண்டிஷன் போட்டிருந்தாள். கணவர் போன பிறகு, வாணியும் இல்லாத வீட்டில் தனியாக இருக்க அவளுக்கு மனமில்லை. அதற்குப் பையன், ஒரு வாரம் டைம் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

டைமாவது ஒன்றாவது, முதலில் இவன் தேறுகிறானா என்று பார்ப்போம் என்று கிளம்பிவிட்டாள் சீதாலெட்சுமி. பெண் பார்க்க வரும்போது எந்தப் பையன்தான் யோக்கியமாக இல்லை? இவன் ஞாயிற்றுக்கிழமைகளில் உலு லங்காட் காட்டுப் பக்கம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலையேறப் போவான் என்று இராஜம்மா சொன்னது வசதியாகப் போயிற்று. அவன் போட்டோவை இவள் பார்த்திருக்கிறாள். இவளை அவன் பார்த்ததில்லை. பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு, புனிதா என்ற பேரில் வந்து சேர்ந்துகொண்டாள்.

கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீடுகளைத் தாண்டியதும் பாதை ஆற்றை ஒட்டியே மேலே ஏறியது. கூட வந்தவர்கள் எப்போதோ முன்னால் போய்விட்டார்கள்.

"தம்பி, இந்தப் பையைக் கொஞ்சம் பிடி. தோளெல்லாம் வலிக்குது."

பைக்குள் இருந்தது அம்மிக்குழவி. சும்மா கனக்கட்டுமே என்று வீட்டிலிருந்து தூக்கிப் போட்டு வந்திருந்தாள். பையை வாங்கியதும் குகனின் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமி மறைத்துக்கொண்டாள்.

"என்ன இடம் தம்பி இது? ஒரே சேறு, அட்டை வேற ஏறுது. இங்கயா மனுசங்கள கூட்டிட்டு வருவே?"

"மழை பெஞ்சா அப்படித்தான் ஆன்டி. இருங்க, நான் எடுத்து விடுறேன்."

"பீர் கீர் குடிப்பியா?"

"இல்ல ஆன்டி."

"கோவம் வருமா?"

"பசிச்சா வரும்."

உள்ளதைச் சொல்கிறான், பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள். பத்தடிக்கு ஒரு தரம் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள், கொடுத்தால் சூடாக இருக்கிறது என்று குறை சொன்னாள். அவன் முகம் கோணவே இல்லை. இடையிடையே அவனும் ஏதாவது கேட்டுக்கொண்டுதான் வந்தான்.

"உங்க வீட்ல டிவி ரிமோட் யாரு கையில ஆன்டி?"

"என் கையிலதான். வேற யாரு தொடுவா?"

"சமையல்?"

"அதுவும் நாந்தான். என் அடுப்புல இன்னொரு ஆளு கைய வச்சா எனக்கு ஆகாது லா."

"சின்னவங்க சண்ட போட்டுக்கிட்டா?"

"நடுவுல போய் நின்னுருவேன். நான் தீர்ப்பு சொல்லாம எங்க வீட்ல எதுவும் முடியாது."

குகன் "ம்ம்" என்று தலையை ஆட்டிக்கொண்டான். களைப்புத் தெரியாமல் இருக்கப் பேச்சுக் கொடுக்கிறான், பெரியவர்களிடம் பேசத் தெரிந்த பிள்ளை என்று அவளுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

திரும்பி இறங்கிய வேறு வழியில் ஆற்றுக்குக் குறுக்கே ஒற்றை மரத்தைப் போட்டிருந்தார்கள். கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. இதில் நடிக்க எதுவும் இல்லை, நிஜமாகவே பயந்து மரத்தில் கால் வைக்காமல் நின்றுவிட்டாள்.

"கீழ பாக்காதீங்க ஆன்டி. என் கைய மட்டும் பிடிச்சுக்குங்க. விட மாட்டேன்."

விடவில்லை. குழவியையும் ஒரு தோளில் சுமந்துகொண்டு, அவளைப் பார்த்தபடி பின்னோக்கியே எட்டு வைத்து நடந்து அவளைக் கரை சேர்த்தான். சீதாலெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கையில் மகளைத் தைரியமாகப் பிடித்துக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

கம்பத்துக் கடையில் ஆளுக்கொரு பாலில்லாத தே ஓ வந்தது. அதற்கு மேல் அவளால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

"தம்பி, என் பேரு புனிதா இல்ல. நான் வாணியோட அம்மா. நீ எப்படிப்பட்டவன்னு சோதிச்சுப் பாக்கத்தான் வந்தேன். நீ பாஸ்."

ஆடிப்போய்விடுவான், எழுந்து காலில் விழுந்தாலும் விழுவான் என்று எதிர்பார்த்துக் காலைக்கூடச் சற்று முன்னால் நீட்டி வைத்துக்கொண்டாள். குகன் நிதானமாக மிச்சத் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையை வைத்தான்.

"தேங்க்ஸ் ஆன்டி. வாணி உங்க போட்டோவ முன்னாடியே அனுப்பிட்டா. உங்க ரிசல்ட்ட சாயங்காலம் வாணிகிட்ட சொல்றேன்."