காம்பில்லாத பூ

"செல்லாத ரூபா இருந்தா குடு பாய். பதிலுக்கு நல்ல ரூபா தர்றேன்."

அமிர்தவள்ளி இப்படிக் கேட்டதும் ஆம்பூர் கடைத்தெருவே சிரித்தது. ஒன்பது நாளாகக் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஆட்டை விற்ற ரூபாய் நான்கு அவள் முந்தானையில் முடிந்திருந்தது.

அவள் புருஷன் வேலு தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலைக்காரன். கூலியாக வந்த வெள்ளி ரூபாயை அரிசிக் கடையில் நீட்டியவன், கள்ள ரூபாய் அடித்தான் என்று லாக்கப்பில் கிடந்தான். அந்த ரூபாயில் ராஜா தலை சரியாகத்தான் இருந்தது. பின்பக்கத்துக் கொடியில் ஒரே ஒரு பூ மட்டும் காம்பில்லாமல் அந்தரத்தில் நின்றது.

போலீஸ்காரர்கள் வந்து குடிசைத் தரையைத் தோண்டினார்கள். அடுப்பைக்கூட இடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

சர்க்கார் ரூபாய் அடிக்கும் பம்பாய் தங்கசாலையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த ஃபிட்டர் அந்தோணிதான் அவளுக்கு விஷயத்தைச் சொன்னார்.

"அது சர்க்காரு ரூபாதாம்மா. அச்சுல கீறல் விழுந்தா தேச்சு மெருகு போடுவாங்க. ஜாஸ்தி தேச்சுட்டா மெல்லிசான கோடெல்லாம் அழிஞ்சிடும். அப்புறம் அந்த அச்சுல அடிக்கிற ரூபா எதுலயும் அந்தக் காம்பு வராது. தேடிப் பாரு, இன்னொண்ணு ஊர்ல எங்கியாவது இருக்கும்."

"நீங்களே வந்து இன்ஸ்பெக்டரு ஐயாகிட்ட சொல்லுங்கண்ணா."

அந்தோணி பதறிப்போனார். "நானா? தங்கசாலையில இருந்தவன்னு தெரிஞ்சா, நான்தான் அச்சு செஞ்சு குடுத்தேன்னு சொல்லிடுவாங்கம்மா. என்னை விட்டுடு."

ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுபோனபோது வாசல் கான்ஸ்டபிள் முணுமுணுத்தான். "ஒத்த ரூபாய வெச்சுக்கினு இன்னா பண்றதுன்னு ஐயாவே பேஜாராயிட்டாரு." இன்னொரு ரூபாய் மட்டும் கிடைத்துவிட்டால் புருஷன் வெளியே வந்துவிடுவான் என்று அவளுக்கு அப்போது நிச்சயமாகிவிட்டது.

பத்தாம் நாள் வாஹித் பாஷா தன் பீடிக்கடைக் கல்லாவைக் கவிழ்த்துக் காட்டினார். நாலாவது ரூபாயைப் புரட்டி வெளிச்சத்தில் பிடித்தாள். அதே கொடி, அதே பூ. காம்பு இல்லை.

"எடுத்துக்கினு போ. ஆனா என் பேரு மட்டும் வெளிய வரக் கூடாது. உன் புள்ள மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். முந்தானையிலிருந்து ஒரு ரூபாயை அவிழ்த்து அவர் கையில் வைத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

இன்ஸ்பெக்டர் இரண்டு ரூபாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானே எஜமான்?"

"ஒண்ணேதான்."

"ஒரே அச்சுல அடிச்சதுதானே?"

"அதுல சந்தேகமே இல்ல. ஒரே அச்சுதான்."

அமிர்தவள்ளிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கம்பிக்குப் பின்னால் எழுந்து நின்ற வேலுவைப் பார்த்துச் சிரித்தாள். பத்து நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"இதை யாரு குடுத்தது?" இன்ஸ்பெக்டர் மெதுவாகத்தான் கேட்டார்.

பிள்ளையின் முகம் அவள் கண்முன் வந்தது. "கடைத்தெருவுல கெடச்சுது எஜமான்."

"யாரு கடையில?"



இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டு, கான்ஸ்டபிளைப் பார்த்தார். அவன் போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

"உன் புருஷன் எவ்ளோ அடிச்சும் வாயத் தொறக்கல. நீயாவது சொல்லிடு. அச்சை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"