கொம்பு தேயாத காண்டாமிருகம்

பழைய காசுக் கடையின் கூடையில் ஒரே நாலணாவைத் தில்லைநாயகியும் யாரோ ஒரு தாடிக்காரனும் ஒருசேரப் பிடித்தார்கள். அழுக்குப் படாமல் விளிம்பில்தான் பிடித்தார்கள். நாலணாவில் பொறித்திருக்கும் காண்டாமிருகத்துக்கு முதலில் தேய்வது கொம்பு. இதிலோ அது ஊசிபோல நின்றது.

"நான்தாங்க மொதல்ல பாத்தேன்!"

"நானுந்தாங்க!"

"பூவா தலையா போட்டுப் பாருங்களேன்," என்றார் கடைக்காரர்.

அவசரத்தில் அவள் அந்தக் காசையே சுண்டிவிட்டாள். அது மேலே போன பிறகுதான் உறைத்தது. கீழே கருங்கல் தரை!

"ஐயோ, கொம்பு!" இருவரும் பாய்ந்தார்கள். தலைகள் முட்டின, கூடை கவிழ்ந்தது, காசு இருவர் உள்ளங்கைகளுக்கும் நடுவில் சிக்கியது.

"பூவா, தலையா?" என்றார் கடைக்காரர்.

தரையில் உட்கார்ந்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வியர்வை பட்டால் காசில் கறை படிந்துவிடும் என்று இருவருக்குமே தெரியும். யாரும் கையை எடுக்கவில்லை.